உதிராத செல்கள்: மகனின் நோயும் சொந்தத்தில் நடந்த கல்யாணமும்

வாசகியின் கடிதம்:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மகனுக்கு ஐந்து வயது. இரண்டு வயதில் இருந்தே கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. வயிறும் மேடிட்டிருக்கும். டி.பி. என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள், குறையவில்லை. போன வருடம் மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தது, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. தட்டணு (பிளேட்லெட்) எட்டாயிரம், ஹீமோகுளோபின் ஆறு என்றார்கள். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜீன் பரிசோதனை செய்து ஏ.எல்.பி.எஸ். என்று பெயர் சொன்னார்கள். ஃபாஸ் என்ற ஜீனில் பிழையாம். அதே பிழை என் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது, எனக்கு இல்லை. அவரோ ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. நான் கட்டியது சொந்த அத்தை மகனை. "சொந்தத்துக்குள்ளயே கட்டினா இப்படித்தான்" என்று ஊரில் பேசுகிறார்கள். அத்தை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் தங்கைக்கும் கொழுந்தனுக்கும் தை மாதம் கல்யாணம் பேசி வைத்திருக்கிறோம். நிறுத்திவிடலாமா? மண்ணீரலை எடுத்தால் சரியாகிவிடும் என்று இங்கே ஒரு டாக்டர் சொல்கிறார், எடுக்கலாமா? இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளப் பயமாக இருக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறோம். பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் பதில் இன்றே தெரிய வேண்டும். மண்ணீரலை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். தேதி குறித்திருந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மகனின் நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன டாக்டரிடம் கேட்காமல் ஆபரேஷன் மேஜைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஏ.எல்.பி.எஸ்., அதாவது ஆட்டோஇம்யூன் லிம்போப்ரோலிஃபரேட்டிவ் சிண்ட்ரோம் என்ற இந்த நோய் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் ஊர்ப் பேச்சுக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன. அவை சாவதால்தான் நாம் நன்றாக இருக்கிறோம். தாயின் வயிற்றில் பிள்ளையின் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரல்களுக்கு நடுவில் இருக்கும் செல்கள் உரிய நேரத்தில் செத்து விலகிய பிறகுதான் ஐந்து விரலும் பிரியும். இந்தச் சாவு விபத்து இல்லை. எப்போது, எப்படிச் சாக வேண்டும் என்ற கட்டளை செல்லுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 1972-இல் கெர், வைலி, கர்ரி என்ற மூன்று விஞ்ஞானிகள் இதற்கு அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்தில் இருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இந்த நோய்க்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை.

உங்கள் பக்கத்தில் வாழை அதிகம் என்பதால் இப்படிச் சொல்கிறேன். குலை வெட்டிய பிறகு தாய் வாழையை யாரும் அப்படியே நிற்க விடுவதில்லை. வெட்டிச் சாய்த்தால்தான் பக்கக்கன்று தலையெடுக்கும். வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? உரத்தையும் தண்ணீரையும் அதுவே இழுக்கும், அழுகும், ஒரு காற்றில் கன்றின் மேலேயே சாயும். நம் ரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் கதையும் இதுதான். பிள்ளைக்குச் சளிக் காய்ச்சல் வந்தால், அந்தக் கிருமியை அடையாளம் தெரிந்த லிம்போசைட் ஒன்று பல ஆயிரமாகப் பெருகும். அப்போது கழுத்தில் நெறி கட்டுவது இதனால்தான். கிருமி ஒழிந்ததும் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி சாக வேண்டும். அடுத்த தடவைக்கு நினைவு வைத்துக்கொள்ளக் கொஞ்சம் மிஞ்சினால் போதும். நெறியும் வடிந்துவிடும்.

"உன் வேலை முடிந்தது" என்ற செய்தியை லிம்போசைட் வாங்கிக்கொள்ளும் இடம்தான் ஃபாஸ். அதே பெயருள்ள ஜீனின் சொல்படி உருவாகி, செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதம் அது. பக்கத்துச் செல் ஃபாஸ் லிகண்ட் என்ற இன்னொரு புரதத்தால் அதைத் தொடும். உடனே உள்ளே காஸ்பேஸ்-8 என்ற நொதி விழித்துக்கொள்ளும், அது மற்ற காஸ்பேஸ்களை எழுப்பும். செல் சுருங்கிச் சிறு சிறு பொட்டலமாக உடையும். பக்கத்தில் இருக்கும் விழுங்கு செல்கள் அவற்றைச் சுவடில்லாமல் தின்றுவிடும். வீக்கமும் இல்லை, சீழும் இல்லை.

அப்புறம் ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஃபாஸ் ஜீன் நம் எல்லோருக்கும் இரண்டு பிரதி, அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. உங்கள் மகனுக்கு நீங்கள் கொடுத்த பிரதி நல்ல பிரதி. பிறகு ஏன் பாதி வேலைகூட நடக்கவில்லை? ஃபாஸ் தனியாக நின்று வேலை செய்வதில்லை, மூன்று மூன்றாகச் சேர்ந்துதான் செய்யும். மூன்று கல் வைத்த அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். குவியலில் பாதி நல்ல கல், பாதி உதிரும் கல். கண்ணை மூடிக்கொண்டு மூன்று எடுத்தால் மூன்றும் நல்லதாக அமைய எட்டில் ஒரு வாய்ப்புதான். மற்ற ஏழு தடவையும் பானை சாயும். பிழையான புரதம் நல்லதோடு கலந்து நல்லதையும் கெடுக்கிறது. ஃபாஸில் ஒரு பிரதி பழுதானாலே நோய் வருவதற்கு முக்கியமான காரணம் இது. பிழை ஃபாஸின் உள்பகுதியில், அதாவது சாவுச் செய்தியை உள்ளே கடத்தும் பகுதியில், இருந்தால் இந்தக் கெடுதல் அதிகம். வெளிப்பகுதியில் இருந்தால் பிழையைச் சுமந்தும் நோயில்லாமல் இருப்பவர்கள் அதிகம். உங்கள் ரிப்போர்ட்டில் எந்தப் பகுதி என்று இருக்கும், டாக்டரிடம் கேளுங்கள். பிழை இருந்தும் உங்கள் வீட்டுக்காரர் நன்றாக இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. பல குடும்பங்களில் ஒரே பிழை ஒருவரைப் படுத்தும், இன்னொருவரைத் தொடாது. சிலருக்குப் பிறவிப் பிழையோடு, வளர்ந்த பிறகு லிம்போசைட்டிலேயே இரண்டாவதாக ஒரு பிழை சேரும்போதுதான் நோய் வெளியே வருகிறது.

இப்போது உங்கள் மகனுக்கு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். சாக வேண்டிய லிம்போசைட்டுகள் சாகாமல் கழுத்திலும் மண்ணீரலிலும் தங்கின. அதுதான் நெறி, அதுதான் மேடிட்ட வயிறு. தங்கியவற்றில் சில சொந்த உடம்பையே எதிரியாக நினைப்பவை. நல்ல உடம்பில் அவையும் ஃபாஸ் வழியாகக் களையெடுக்கப்படும், இவனுக்கு அது சரியாக நடக்கவில்லை. அவற்றின் தூண்டுதலில் தன் சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் எதிராகவே உடம்பு எதிர்ப்புப் பொருளைச் செய்தது. ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கியதும் தட்டணு எட்டாயிரத்துக்கு விழுந்ததும் அதனால்தான். ரத்தம் ஊறாமல் போகவில்லை, ஊறிய ரத்தம் அழிக்கப்பட்டது. அதனால் இரும்புச்சத்து டானிக்கையும் பேரீச்சம்பழத்தையும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

டி.பி. விஷயத்தில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நம் நாட்டில் பிள்ளைக்குக் கழுத்தில் மாதக்கணக்கில் நெறி இருந்தால் டாக்டருக்கு டி.பி. சந்தேகம் வருவது தப்பில்லை. சந்தேகத்தைச் சோதிக்காமல் விடுவதுதான் தப்பு. நெறியில் ஊசி போட்டு எடுத்தோ, சிறு துண்டு எடுத்தோ கிருமியைத் தேட வேண்டும். இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் களக்காடு பக்கத்துப் பையன் ஒருவனுக்கு டி.பி. மருந்து முழுவதும் கொடுத்தேன். நெறி வடியவில்லை, மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. அவனுடைய ரத்தத்தில் பி12 அளவு மிக அதிகமாக இருந்தது. பி12 ஊசி எதுவும் போடாத பையனுக்கு அது ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று நான் நின்று யோசிக்கவில்லை, பரிசோதனையில் பிழை என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். ஏ.எல்.பி.எஸ். உள்ளவர்களுக்கு ரத்தத்தில் பி12-ஐச் சுமக்கும் புரதம் கூடிவிடுகிறது, அதனால் பி12 அளவும் ஏறி நிற்கும் என்று நான் படித்தது பிறகு. அந்தப் பையனுக்குச் சரியான பெயர் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. இன்றைக்கும் ஆறு மாதத்துக்கு மேல் வடியாத நெறியையும் மண்ணீரலையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வரும்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க நல்ல தடயம் ஒன்று உண்டு. லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்களில் பெரும்பாலானவை சிடி4 அல்லது சிடி8 என்ற அடையாளத்தைச் சுமக்கும். இரண்டுமே இல்லாத ஒரு சிறு வகை எல்லோருக்கும் உண்டு, லிம்போசைட்டில் நூற்றுக்கு ஒன்றரைக்குள் இருக்கும். ஏ.எல்.பி.எஸ். பிள்ளைகளுக்கு அது ஏறிவிடும். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவியில் ரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இது இருக்கும், பத்திரமாக வைத்திருங்கள்.

இப்படியொரு நோய் இருப்பதை 1967-லேயே கனாலே, ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதிவிட்டார்கள், காரணம் தெரியாது. 1992-இல் ஜப்பானில் நகாட்டாவின் ஆய்வுக்கூடத்தில், இதே மாதிரி நெறியும் மண்ணீரலும் வீங்கும் ஒரு சுண்டெலி வகைக்கு ஃபாஸ் ஜீன் பழுது என்று கண்டார்கள். 1995-இல் அமெரிக்காவிலும் பாரிஸிலும் பிள்ளைகளிடம் அதே பழுது தெரிந்தது. உங்கள் மகன் என் தலைமுறைக்கு முன்னால் பிறந்திருந்தால் இதற்குக் காரணமே தெரியாமல் போயிருக்கும்.

சரி, கல்யாணப் பேச்சுக்கு வருவோம்.

உங்கள் மகனின் நோய்க்குச் சொந்தத்தில் கட்டியது காரணம் இல்லை. பழுதான பிரதி அப்பாவிடம் இருந்து வந்தது. ஒரு பிரதியே போதும். உங்களிடம் அந்தப் பிழை இல்லை. உங்கள் வீட்டுக்காரர் முன்பின் தெரியாத ஊரில் பெண் எடுத்திருந்தாலும் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே பாதிக்குப் பாதி வாய்ப்புதான் இருந்திருக்கும். இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லலாம். ஆனால் சொல்லும்போது பழி உங்கள் வீட்டுக்காரர் பக்கமோ அத்தை பக்கமோ திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீனை யாரும் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதில்லை. அத்தை பேசாமல் இருப்பது கோபத்தால்தான் என்று நான் நினைக்கவில்லை. தன் வழியாக வந்ததோ என்ற பயமும் இருக்கலாம். நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள்.

ஊரில் பேசுகிறவர்களுக்கும் முழுதாக விவரம் இல்லாமல் இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் வேறு. இரண்டு பிரதியும் பழுதானால்தான் வருகிறவை அவை. இதே செல் சாவைச் சேர்ந்த பெர்ஃபோரின் ஜீன் ஒன்று உண்டு. கிருமி புகுந்த செல்லில் துளை போட்டுக் கொல்வதற்கான புரதத்தைச் செய்யும் ஜீன் அது. இரண்டு பிரதியும் பழுதான பிள்ளைக்குக் கொல்லும் செல்லால் கொல்ல முடியாது. விடாத காய்ச்சல், வீங்கிய ஈரல், சரியும் ரத்தம் என்று கைக்குழந்தையிலேயே உயிருக்கு ஆபத்தாகும். தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு பழுதைச் சுமக்க வேண்டும் என்பதால், ஒரே தாத்தா ஆச்சியின் பேரப்பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அதன் வாய்ப்பு கூடுகிறது.

உங்கள் தங்கையின் கல்யாணத்தில்தான் இந்தக் கணக்கு கொஞ்சம் நுணுக்கமாகிறது. இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தப் பிழை அவருடைய அம்மாவிடம் இருந்து வந்திருக்கலாம், அப்பாவிடம் இருந்து வந்திருக்கலாம், அவரிடமே புதிதாகவும் தோன்றியிருக்கலாம். பெற்றவர்களில் ஒருவரிடம் இருந்து வந்திருந்தால் கொழுந்தனுக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு. அத்தையிடம் இருந்து வந்திருந்தால், அத்தையின் உடன்பிறந்தவரான உங்கள் அப்பாவுக்கும் இருக்கலாம். அவர் வழியாக உங்கள் தங்கைக்கும் வந்திருக்கலாம். உங்களுக்கு இல்லை என்பதால் தங்கைக்கும் இல்லை என்று ஆகிவிடாது. இருவருக்குமே இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பாக இரண்டு பிரதியும் பழுதாகும். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு நோய் பிறவியிலேயே கடுமையாக இருக்கும், எலும்பு மஜ்ஜை மாற்று வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

அதனால் கல்யாணத்தை இப்போது நிறுத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நடத்தவும் வேண்டாம். தைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. தங்கையும் கொழுந்தனும் சம்மதித்தால் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கலாம். உங்கள் மகனின் ரிப்போர்ட்டைக் கொடுத்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்ப்பார்கள், ஜீன் முழுவதையும் தேட வேண்டியதில்லை, செலவும் குறையும். இருவருக்கும் இல்லை என்றால் இந்த நோயைப் பொறுத்தவரை நிம்மதியாகத் தாலி கட்டலாம். ஒருவருக்கு மட்டும் இருந்தால் உங்கள் நிலைதான் அவர்களுக்கும், தெரிந்து முடிவு செய்யட்டும். இருவருக்கும் இருந்தால் அந்தக் கல்யாணம் வேண்டாம் என்பது என் கருத்து. ரிப்போர்ட் அவர்கள் இருவர் கைக்கும் முதலில் போகட்டும். பெரியவர்கள் பிரித்துப் பார்த்து, அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு குறையை ஊர் முழுக்கச் சொல்லிவிடக் கூடாது.

உங்கள் அடுத்த பிள்ளைக்குப் பிழை வரப் பாதி வாய்ப்பு, வந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. கர்ப்பத்தின் மூன்றாம் மாதவாக்கில் சிசுவிடம் இதைப் பார்க்கும் பரிசோதனை உண்டு. ஆனால் கருத்தரிக்கும் முன்பே இருவரும் ஒரு மரபியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

இனி மண்ணீரல். வீங்கிய மண்ணீரல் அணுக்களை விழுங்குகிறது, எடுத்துவிட்டால் ரத்தம் ஏறும் என்பது வேறு சில நோய்களுக்குச் சரி. ஏ.எல்.பி.எஸ்.-இல் எடுத்த பிறகும் அணுக்கள் திரும்ப விழுவது அடிக்கடி நடக்கிறது. மண்ணீரல் இல்லாத இந்தப் பிள்ளைகளை நியூமோகாக்கஸ் என்ற கிருமி தாக்கினால் ரத்தத்தில் பரவிச் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். தடுப்பூசி போட்டிருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. அவனுக்கு வேறு வழி இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

வழி இருக்கிறது. நெறி வீங்கியிருப்பதற்காக மட்டும் மருந்து தேவையில்லை, பதின்பருவம் தாண்டும்போது பலருக்கு அதுவே வடிகிறது. ரத்தம் விழும்போது முதலில் ஸ்டீராய்டு. அது அவசரத்துக்கு நல்லது, வருடக்கணக்கில் கொடுத்தால் வளர்ச்சியையும் எலும்பையும் கெடுக்கும். திரும்பத் திரும்ப விழுந்தால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் அல்லது சிரோலிமஸ். சிரோலிமஸ் இந்த நோயில் நெறியையும் மண்ணீரலையும் சேர்த்துச் சுருக்குவதை நானே பார்த்திருக்கிறேன். பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் இருந்து கிடைத்த மருந்து அது. வாய்ப்புண் வரலாம், கொழுப்பு ஏறலாம், ரத்தத்தில் மருந்தின் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். அது கொடுக்கும் காலத்தில் வேறு மாத்திரை எதையும், முக்கியமாகப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மாத்திரையை, கேட்காமல் சேர்க்கக் கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்கு லிம்போமா என்ற நெறிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உள்பகுதியில் பிழை உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். காய்ச்சலோடு நெறி பெரிதாகி வடிவது இவனுக்குச் சாதாரணம். ஒரே ஒரு நெறி மட்டும் தனியாகக் கல் மாதிரி வளர்ந்தாலோ, ராத்திரி சட்டை நனைய வேர்த்தாலோ, எடை இறங்கினாலோ அன்றே காட்டுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் வருடத்துக்கு ஒரு முறை கழுத்து, வயிற்றைப் பரிசோதித்து ரத்த எண்ணிக்கை பார்த்துக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள், இதற்கு மட்டும் போகச் சொல்லுங்கள்.

மற்றபடி பிள்ளையைப் பிள்ளையாக வளருங்கள். இது ஒட்டும் நோய் இல்லை, பள்ளிக்கூடத்தில் தனி பெஞ்ச் வேண்டாம். மண்ணீரல் பெரிதாக இருக்கும்வரை வயிற்றில் அடிபடும் விளையாட்டு வேண்டாம். கபடி வேண்டாம், மரம் ஏறுவது வேண்டாம். தாமிரபரணியில் படித்துறையில் உட்கார்ந்து குளிக்கட்டும், மேலே இருந்து குதிக்க விடாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் தட்டணு குறைந்த பிள்ளைக்கு ரத்தக்கசிவைக் கூட்டும். நியூமோகாக்கஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். சிரோலிமஸ் போன்ற மருந்து தொடங்கினால் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். போகும் வாரத்தில் ஒரு ரத்த எண்ணிக்கை பாருங்கள். தட்டணு சரியாக இருந்து காய்ச்சலும் இல்லையென்றால் போகலாம். குடில் போட்டு நாள்கணக்கில் தங்க வேண்டாம், காலையில் போய்ச் சாயங்காலம் கோயில் இருக்கும் காரையாறு மலையில் இருந்து இறங்கிவிடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைக் கையில் கொண்டு போங்கள். நோயின் பெயர், சாப்பிடும் மருந்து, ரத்த வகை, டாக்டரின் போன் நம்பர் இவை நான்கையும் ஓர் அட்டையில் எழுதி அவன் பையில் வையுங்கள். மலையில் காய்ச்சல் வந்தாலோ, உடம்பில் புதிதாகச் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ நேர்ச்சை முடியும்வரை காத்திருக்காமல் உடனே அம்பாசமுத்திரத்துக்கு இறங்கிவிடுங்கள்.